தளம் போடும் நாள்

போன வார அத்தியாயத்தின் முடிவில், சாப்பாட்டு மேஜையில் இன்ஜினீயரம்மாவின் கைப்பேசி அதிர்ந்தது. யார் என்று பார்த்தாள், எடுக்கவில்லை, கவிழ்த்து வைத்தாள். அது யாருடைய அழைப்பு என்று கேட்டு நீங்கள் என்னை ஒரு வழி பண்ணிவிட்டீர்கள். பழைய காதல் என்று முடிவே கட்டிவிட்டவர்கள் மன்னிக்க வேண்டும். அழைத்தவர் கான்கிரீட் பரிசோதனை செய்யும் லேப்காரர்.

இந்த வாரம்தான் உள்ளே வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர் மையம் ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறது. கட்டுகிற காண்டிராக்டரைப் பெரியவர் என்பார்கள். அவருக்கு வலது கையாகச் சைட்டைப் பார்த்துக்கொள்ளும் மகன் சின்னவர். கட்டுவது ஒழுங்காக இருக்கிறதா என்று பல்கலைக்கழகத்தின் சார்பில் பார்த்துச் சொல்ல வேண்டிய இன்ஜினீயர், சின்னவரின் மனைவி. மாமனார் கட்ட, மருமகள் சரி பார்க்க, ஊர் வாய் சும்மா இருக்குமா?

அதற்காகத்தான் மாமியார் ஒரு சட்டம் போட்டார். கட்டடப் பேச்சு வாசல் கதவோடு நின்றுவிட வேண்டும். வீட்டுக்குள் சிமெண்ட் என்ற வார்த்தைகூட வரக் கூடாது. எவராவது நாக்கில் பல் படாமல் பேசினால், "எங்க வீட்டுல அந்தப் பேச்சே கிடையாது" என்று நிமிர்ந்து நின்று சொல்ல வேண்டும். மருமகளின் கையெழுத்தில் கறை படியக் கூடாது என்பதுதான் அவர் கவலை. நல்ல மனசோடு போட்ட சட்டம், அதில் சந்தேகமே இல்லை.

சட்டத்தை மூவரும் மதித்தார்கள். சைட்டில் அவள் மாமனாரை "சார்" என்பாள். அவர் அவளை "மேடம்" என்பார். சாயங்காலம் வீட்டில் அதே மேடத்திடம், "அம்மாடி, என் கண்ணாடிய எங்கயாவது பார்த்தியா?" என்று கேட்பார்.

லேப்காரரோடு அவள் பிறகு மொட்டை மாடியில் நின்று பேசினாள். மாணவர் மையத்தின் முதல் மாடித் தளத்தில் போட்ட கான்கிரீட்டின் மாதிரிக் கட்டிகளை நசுக்கிப் பார்த்திருக்கிறார்கள். எதிர்பார்த்த பலம் வரவில்லை. தளம் இன்னும் இறுகவில்லை.

அவள் பதறவில்லை. அந்தத் தளத்தைக் கீழேயிருந்து இரும்பு ஜாக்கிகள் வரிசை வரிசையாகத் தாங்கி நிற்கின்றன. அன்று மாலைதான் ஒவ்வொன்றையும் கையால் அசைத்துப் பார்த்து, மறுநாள் அதற்கு மேல் கூரைத் தளம் போடலாம் என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். ஜாக்கிகள் நிற்கும்வரை பயமில்லை. காலையில் சைட்டுக்குப் போய், "எதையும் கழற்றாதீர்கள்" என்று சொல்லிக்கொள்ளலாம். வீட்டில் எப்படிச் சொல்வது? சட்டம் இருக்கிறதே.

விடிந்தது.

பெரியவர் இருட்டோடு கிளம்பிப் போயிருந்தார். சின்னவரும் அவரோடு போய்விட்டு, குளித்துச் சாப்பிட மட்டும் வீட்டுக்கு வந்திருந்தார். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"காலைல ஒரு சின்ன விஷயம்..." என்று ஆரம்பித்தார்.

"என்ன விஷயம்?" என்றார் மாமியார், முட்டையைத் தட்டில் வைத்தபடி.

"ஒண்ணுமில்லம்மா."

"கட்டட விஷயம்னா அங்க போய்ப் பேசிக்கோங்க."

"எனக்கும் ஒண்ணு சொல்லணும்" என்றாள் இன்ஜினீயரம்மா. "அங்கயே சொல்றேன்."

இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

அங்கேயும் சொல்ல முடியாமல் போயிற்று. வளாக வாசலில் வண்டியை நிறுத்தும்போதே பல்கலைக்கழகப் பதிவாளர் அவளைப் பிடித்துக்கொண்டார்; சின்னவர் மட்டும் சைட்டுக்குப் போய்விட்டார். துணைவேந்தர் இன்று தளம் போடுவதைப் பார்க்க வருகிறார். எங்கே நிற்பார், எந்த வழியாக வருவார், தலைக்கவசம் எந்த நிறம் என்று நிமிர முடியாத அளவுக்குக் கேள்விகள். அவளை ஒருவழியாக விடுவித்தபோது வெயில் ஏறிவிட்டது. தூரத்தில் பம்பின் சத்தம் கேட்டது. கூரைத் தளம் பாதி நிரம்பியிருந்தது.

புல்தரையில் மாணவர்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழை வந்தால் மாடிப்படிக்கு அடியில் நின்றபடி சாப்பிடுகிற பிள்ளைகள். தங்களுக்கென்று ஒரு கூரை வருவதை அவர்கள் கிரிக்கெட் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். கான்கிரீட் லாரிகள் வாசல்வரை வரிசையில் நின்றன.

தளம் போடும்போது எல்லாரும் மேலே பார்ப்பார்கள். இன்ஜினீயரம்மா கீழே பார்க்கப் போவாள். அது அவள் வழக்கம். தரைத்தளத்தின் நடுக் கூடத்துக்குள் நுழைந்தாள். மாணவர்கள் கூட்டம் போடவும் ஆடவும் பாடவும் வேண்டும் என்பதால் நடுவில் தூண் இல்லாத பெரிய கூடம் அது.

இரண்டடி வைத்தவள் நின்றாள்.

கூடம் காலியாக இருப்பதுபோல் தோன்றியது. நேற்று உடம்பை ஒருக்களித்துத்தான் ஜாக்கிகளுக்கு நடுவே போக முடிந்தது. இன்று கையை வீசிக்கொண்டு நடக்கலாம். தரையின் தூசியில் ஜாக்கியின் அடித்தகடு நின்ற சதுரத் தடங்கள் இருந்தன. ஜாக்கிகள் இல்லை. ஒன்று விட்டு ஒன்று காணாமல் போயிருந்தது.

அவள் தலையை உயர்த்தினாள். முதல் மாடித் தளத்தின் அடியில், தளம் தொய்கிறதா என்று பார்க்க, இரண்டு ஓரத் தூண்களுக்கு இடையே அவளே ஒரு நூல் கட்டியிருந்தாள். தளத்துக்கும் நூலுக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி விட்டிருந்தாள். இப்போது நட்ட நடுவில் தளம் நூலைத் தொட்டு, அதைக் கீழே அழுத்திக்கொண்டிருந்தது.

மேலே ஈரக் கான்கிரீட்டின் பாரம் முழுவதும் இந்தப் பலவீனமான தளத்தின் மேல்தான் இறங்குகிறது. அந்தக் கூரையின் மேல் பெரியவரும் அவருடைய ஆட்களும் நிற்கிறார்கள். அவள் வெளியே ஓடி வந்து கணவனைக் கைப்பேசியில் அழைத்தாள்.

"ஹாலுக்குள்ள இருந்த ஜாக்கி எங்க?"

"அதைத்தான் காலைல சொல்ல வந்தேன். மேல பால்கனிப் பக்கம் பலகை ஆடிச்சு. ஜாக்கி கொண்டு வர வேண்டிய லாரி வரல. கீழ இருந்து ஒண்ணு விட்டு ஒண்ணு எடுத்து அங்க கொடுத்தேன். ஏன்?"

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"முதல் மாடித் தளம் போட்டு எவ்வளவு நாளாச்சு! இறுகியிருக்குமே."

"இறுகலங்க. லேப்ல இருந்து நேத்தே சொல்லிட்டாங்க."

மறுமுனையில் அவர் ஓடி வரத் தொடங்கிய காலடிச் சத்தம் கேட்டது.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. லாரிக்கு நேத்தே ஏன் ஆள் அனுப்பலன்னு திட்டுவாரேன்னு..."

நாற்பதை நெருங்குகிற மனிதர், அப்பா திட்டுவார் என்று பயந்திருக்கிறார். சிரிக்கலாம்தான். ஆனால் சின்னவர் வாழ்நாளில் ஒரு முறைகூட அப்பாவை எதிர்த்துப் பேசியது கிடையாது. பெரியவர் கிழித்த கோட்டைத் தாண்டாத பிள்ளை என்று ஊரே மெச்சும். மெச்சி மெச்சியே அவரை அப்படி ஆக்கிவிட்டார்கள்.

இன்ஜினீயரம்மா பம்ப் ஓட்டுநரிடம் போய்க் கையை உயர்த்தினாள். "நிறுத்துங்க!"

சத்தம் நின்றது. புல்தரையில் இருந்த பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். கூரை விளிம்பில் பெரியவரின் தலை தெரிந்தது.

"யாருய்யா பம்பை நிறுத்தினது?"

"நான்தான் சார். எல்லாரையும் உடனே இறக்குங்க. கீழ்த்தளம் இறங்குது."

"எவ்வளவு?"

"நூலைத் தொட்டு அழுத்துது."

"தளம் போடும்போது கொஞ்சம் இறங்கத்தான் செய்யும் மேடம். நான் பார்க்காத தளமா? பாதியில நின்னா ஒட்டு விழும். அப்புறம் மழைக்கு ஒழுகும். பாதியில நிறுத்தின தளம்னு என் பேர்ல ஒண்ணுகூடக் கிடையாது."

"ஜாக்கில பாதி இல்ல சார்."

"நேத்து நீங்களே எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டீங்களே?"

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். சின்னவர் மூச்சிரைக்க வந்து நின்றிருந்தார். நெற்றியில் வியர்வை ஆறாக ஓடியது.

"நீங்களே சொல்லுங்க" என்றாள்.

"அப்பா..." குரல் எழும்பவில்லை. "அப்பா, நான்தான் காலைல எடுத்தேன். கொஞ்சம் இறங்கி வாங்க."

"நீ சும்மா இரு! எடுத்தா என்ன? கீழ்த்தளம் கல்லு மாதிரி இருக்கும். பொண்டாட்டி பயந்தா நீயும் பயந்துடுவியா?"

"கல்லு மாதிரி இல்ல சார்" என்று அவள் கத்தினாள். "லேப் ரிசல்ட் வந்திருக்கு. பலம் வரல."

பெரியவர் பேசியபோது குரல் தணிந்திருந்தது. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

"மேடம், எனக்குப் புரியுது. துணைவேந்தர் வர்ற நேரம். சொந்தக்காரங்களுக்குச் சலுகை காட்டுறாங்கன்னு நாலு பேர் சொல்லிடக் கூடாது. அதுக்காக எங்களை மட்டும் இந்த இறுக்கு இறுக்கணுமா?"

அப்படியும் ஒரு சந்தேகம் இத்தனை நாளாக அவர் மனசில் ஓடியிருக்கிறது. வீட்டில் பேசியிருந்தால் ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்கும்.

"குழாய்ல இருந்து விழுந்தது நடுவுல குவிஞ்சு கிடக்கு. அதைப் பரப்பிட்டு இறங்குறோம்" என்றார் பெரியவர். தலை மறைந்தது. மண்வெட்டிகள் உரசும் சத்தம் மறுபடி கேட்டது.

பெரியவரின் ஆட்களிடம் ஒரு முறை உண்டு. தளம் போடும் நாளில் முதலில் ஏறுகிறவரும் அவர்தான், கடைசியில் இறங்குகிறவரும் அவர்தான். அவர் வாயால் "போதும்" என்று வரும்வரை ஒருவனும் ஏணியில் கால் வைக்க மாட்டான். இன்ஜினீயரம்மா தொண்டை கிழியக் கத்தினாள். இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள், பெரியவரைப் பார்த்தார்கள், மறுபடி குனிந்துகொண்டார்கள்.

கூடத்துக்குள்ளிருந்து கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தது. பாரம் தாங்காமல் ஏதோ ஒரு ஜாக்கி வளைகிறது.

அவள் கணவனின் பக்கம் திரும்பினாள். "ஏதாவது செய்யுங்க. உங்க அப்பாதானே!"

சின்னவர் அண்ணாந்து பார்த்தார். வாய் திறந்தது, மூடியது. பிறகு நடந்தார். ஏணிப் பக்கம் போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் கூடத்தின் வாசலுக்குள் நுழைந்தார். நட்ட நடுவில், நூல் அழுந்திக்கொண்டிருந்த இடத்துக்கு நேர் கீழே போய், வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"வெளிய வாங்க!" என்று அலறினாள்.

"அவர் இறங்கட்டும். வர்றேன்."

"உங்களுக்கென்ன பைத்தியமா?"

"எதிர்த்துப் பேச எனக்கு வராது. நிக்கத் தெரியும்." அவர் மேலே கை காட்டினார். "போய்ச் சொல்லு."

அவள் போய்ச் சொன்னாள். சார் என்று அழைக்க அப்போது அவளுக்கு வரவில்லை.

"மாமா! மாமா! உங்க பையன் ஹாலுக்கு நடுவுல போய் நிக்கிறாரு! நீங்க இறங்கினாத்தான் வருவேங்கிறாரு!"

மண்வெட்டிச் சத்தம் சட்டென்று நின்றது. "போதும்!" என்று ஒரு குரல் மேலே கேட்டது. "எல்லாத்தையும் போட்டுட்டு ஓடுங்கடா! ஓரமாப் போங்க, நடுவுல மிதிக்காதீங்க!"

ஏணியில் கால்கள் தடதடவென்று இறங்கின. அவள் ஒவ்வொருவரையும் தோளைப் பிடித்துப் புல்தரைப் பக்கம் தள்ளிவிட்டாள். கடைசியில் பெரியவர் வந்தார். மூட்டு வலிக்காரர், வீட்டில் நாலு படி ஏறவே கைப்பிடி தேடுகிறவர், அந்த ஏணியில் எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. தரையைத் தொட்டதும் கூடத்து வாசலுக்கு ஓடினார்.

"வாடா! வந்துட்டேன் பாரு! வெளிய வாடா, என் கண்ணு!"

சின்னவர் ஓடி வந்தார். பெரியவர் அவர் சட்டையைக் கொத்தாகப் பற்றி இழுத்துக்கொண்டு ஓடினார், புல்தரை வரும்வரை நிற்கவில்லை.

அவர்கள் மூச்சு வாங்குவதற்குள் நடுக் கூடம் உட்கார்ந்தது. முதலில் ஜாக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக மடியும் சத்தம். பிறகு முதல் மாடித் தளமும், அதன் மேல் நின்ற பலகைகளும் கம்பிகளும் ஈரக் கான்கிரீட்டும் மொத்தமாகக் கீழே வந்தன. கூடத்தின் வாசல் வழியாகக் கான்கிரீட் கஞ்சி போல வழிந்து வந்து புல்லில் நின்றது. ஒரு மாணவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெரியவரின் ஆட்களில் ஒருவன் தரையில் உட்கார்ந்து தன் கால்களைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இன்ஜினீயரம்மா அதைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தாள். பிறகு ஒரு ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள்.

துணைவேந்தரின் கார் வந்த வழியே திரும்பிப் போயிற்று. பதிவாளர் மட்டும் இறங்கி வந்தார். வாய் குழறியது.

"எப்படி... எப்படி ஆச்சு? நேத்து எல்லாம் சரியா இருந்துச்சுன்னு கையெழுத்தாச்சே?"

"இன்னைக்குக் காலைல ஜாக்கியை எடுத்தோம்" என்றார் பெரியவர்.

"யார் எடுக்கச் சொன்னது?"

பெரியவர் மகனைப் பார்க்கவில்லை. "நான்தான். என் ஆளுங்க, என் வேலை. நான் சொன்னேன், எடுத்தாங்க."

சின்னவர் தலையைக் குனிந்துகொண்டார். பதிவாளர் இன்ஜினீயரம்மாவின் பக்கம் திரும்பினார்.

"மேடம், நீங்கதான் எங்க ஆள். அவர் சொல்றதுதான் நடந்ததா? ஆமான்னு சொன்னீங்கன்னா இதை அப்படியே மேல சொல்லிடுறேன்."

பெரியவர் அவளைப் பார்த்தார். இந்தக் குடும்பத்துக்கு வந்த நாளிலிருந்து அவள் அந்தக் கண்களில் கோபம் பார்த்திருக்கிறாள், பாசம் பார்த்திருக்கிறாள். கெஞ்சலைப் பார்த்ததில்லை. இன்று பார்த்தாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். பெரியவர் தன்மேல் போட்டுக்கொண்டது பெரியவரோடு போகும். ஆனால் உண்மை யாருக்கும் தெரியாமல் புதைந்துவிடும், அடுத்த கட்டடத்திலும் எவனாவது திட்டுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருப்பான். அன்றைக்கு அடியில் மாணவர்கள் இருக்கலாம்.

"இல்ல சார்" என்றாள். "முதல் தப்பு என்னோடது. தளம் இறுகலன்னு எனக்கு நேத்தே தெரியும். சைட்ல வந்து சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். ஜாக்கிய எடுத்தது என் கணவர். தளம் இறுகிடுச்சுன்னு நினைச்சு எடுத்தாரு. என் மாமனாருக்கு எதுவுமே தெரியாது."

"அப்படியா?" என்று பதிவாளர் சின்னவரைப் பார்த்தார்.

"ஆமா சார்" என்றார் சின்னவர். இந்த முறை குரல் எழும்பிற்று.

பெரியவர் தன் ஜீப்பை நோக்கி நடந்தார்.

விசாரணை, கயிறு கட்டி இடத்தை மூடுவது, படம் எடுப்பது என்று மாலையாகிவிட்டது. எல்லாம் முடிந்து இன்ஜினீயரம்மா தன் ஸ்கூட்டரிடம் வந்தபோது பெரியவர் அங்கே காத்திருந்தார்.

"மாமா, மதியம் நீங்க ஒண்ணும் சாப்பிடல. வாங்க, போலாம்."

"நில்லும்மா." அவர் ஹேண்டில்பாரில் கை வைத்தார். "என் உயிரையும் என் ஆளுங்க உயிரையும் காப்பாத்தினே. சாகிற வரைக்கும் அதை மறக்க மாட்டேன்."

அவள் ஸ்கூட்டர் சாவியைப் பைக்குள் திரும்பப் போட்டாள்.

"ஆனா ஒரு அப்பன் பெத்த புள்ளைக்காக வாயத் திறந்து ஒரு பொய் சொன்னான். நாலு பேர் முன்னாடி அதைப் பிடுங்கித் தூரப் போட்டுட்ட. நீ செஞ்சது சரின்னு என் புத்திக்குத் தெரியுது. உன்னை எதிர்ல வச்சுக்கிட்டு ஒரு வாய் சோறு எனக்கு இறங்காது. இன்னைக்கு வீட்டுக்கு வராத."

திரும்பி நடந்தார். ஜீப்பின் கதவைத் திறக்கக் கை தடுமாறியது.

சின்னவர் இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் நின்றிருந்தார். மனைவியிடம் வந்தார். அவள் பின் இருக்கையில் மாட்டியிருந்த இன்னொரு ஹெல்மெட்டைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. "அப்பாவுக்குக் கை நடுங்குது. அவரால ஓட்ட முடியாது."

உண்மைதான். அவளும் பார்த்தாள். பொய்யாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள்.

"போங்க" என்றாள்.

ஜீப் வளாக வாசலைத் தாண்டி மறையும்வரை அவள் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்போது கைப்பேசி அடித்தது. மாமியார்.

"எங்கம்மா இருக்கீங்க எல்லாரும்? ஒருத்தர்கூட போன் எடுக்கல. சாப்பாடு ஆறுது. மூணு பேரும் சேர்ந்துதானே வர்றீங்க?"

"ரெண்டு பேருக்கு எடுத்து வைங்க அத்தை. அவங்க கிளம்பிட்டாங்க."

"ரெண்டு பேரா?" என்றார் மாமியார். "அப்போ நீ?"